மாத்திரைக்கு மேலே ஒரு லட்டு

பிறர் விழுங்கும் மாத்திரையை எண்ணிச் சம்பளம் வாங்குவது என் தொழில். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் மையத்தில் 'ஆலோசகர்' என்று என் மேஜைமேல் பலகை வைத்திருக்கிறார்கள். தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். விடாமல் போட்டுக்கொண்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், ஆள் நம்மைப்போல நடமாடலாம், உழைக்கலாம், சண்டை போடலாம். விட்டால் கிருமி தலை தூக்கும். விஷயம் இவ்வளவுதான். இந்த எளிய விஷயத்தில் எனக்குத் தலை சுற்றாத நாள் கிடையாது. காலையில் பிரஷர் மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும் சக அவஸ்தைக்காரர்களே, என் குழப்பம் உங்களுக்குத்தான் புரியும். ஆட்களின் பெயரை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

என்னை ஏன் போட்டார்கள்

வாரத்தின் முன்பாதி திருப்பதி மையம், பின்பாதி சித்தூர் மையம். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ். ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்றால் தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள். மாத்திரை ஏன் விட்டுப்போயிற்று என்று தெலுங்கில் கேட்டால் 'லேது மேடம்', இல்லை என்று முடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். தமிழில் கேட்டால் உண்மை வரும் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. நான் புத்தூர்க்காரி. பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

தமிழில் கேட்டால் உண்மை வரவில்லை, கதை வந்தது. மறதி, பயம், குடி, மருந்து ஒத்துக்கொள்ளாமை என்று பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த காரணங்களை என்னிடம் வருகிறவர்கள் கேள்விப்பட்டதேயில்லை. திருப்பதி மையத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் ரமணாவிடம் ஒருநாள் அலுத்துக்கொண்டேன். அவர் தெலுங்குக்காரர், எனக்காகத் தமிழில் இறங்கி வருவார். மாத்திரை டப்பாக்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "தெலுங்குல பொய் சொன்னா நான் கண்டுபிடிச்சிருவேன் மேடம். தமிழ்ல சொன்னா நீங்க கண்டுபிடிங்க. அதுக்குத்தானே உங்களைப் போட்டிருக்காங்க?"

ரத்தம் கொடுக்க வந்தவர்கள்

எங்கள் ஆட்கள் யாரும் சொந்த ஊர் மையத்தில் மருந்து வாங்க மாட்டார்கள். சித்தூர்க்காரர் திருப்பதிக்கு வருவார். திருப்பதிக்காரர் சித்தூருக்குப் போவார். தெரிந்த முகம் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். எல்லோரும் இதே யோசனையோடு கிளம்புவதால் பாதி வழியில் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டிப் போகும்போது ஜன்னல் ஓரத்து ஆட்கள் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை உண்டு.

ஒருநாள் சித்தூர் மையத்தின் பெஞ்சில் ஒரே தெருக்காரர் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்துவிட்டது. ஒருவர் முந்திக்கொண்டு "ரத்தம் குடுக்க வந்தேன்" என்றார். மற்றவர் "நானுந்தான்" என்றார். இருவரும் ஊர் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, மருந்து வாங்காமலே ஒன்றாக டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு வயிற்றெரிச்சல். இரண்டு பேருக்கும் அன்றோடு மாத்திரை தீர்கிறது.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் மூச்சு விடக் கூடாது, அது கட்டின மனைவியாக இருந்தாலும். மறுநாள் முந்திக்கொண்டு பேசியவர் மட்டும் தனியாக வந்தார். மருந்தை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் கூரையைப் பார்த்தேன். "மேடம், அவரு நெஜமா ரத்தம் குடுக்கத்தானே வந்தாரு?"

கத்தி ஒத்துக்கொள்ளவில்லை

திருப்பதிக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறவன் கையில் லட்டு இருக்க வேண்டும், அல்லது தலையில் முடி இருக்கக் கூடாது. இரண்டும் இல்லாவிட்டால் எங்கே போய் வந்தாய் என்று தெருவே கேட்கும். வடமாலபேட்டையிலிருந்து வரும் வரதன் என்ற விவசாயி இந்தக் கேள்விக்குப் பயந்து, மாதாமாதம் மொட்டை போடுவதாகப் பெருமாளுக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். மருந்து நாள் வந்தால் மொட்டையும் வந்துவிடும். முளைத்தும் முளைக்காத தலையில் திரும்பத் திரும்பச் சவரம். மண்டையெல்லாம் கீறல்.

பாவமாக இருந்தது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறவர்களுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். டாக்டரிடம் பேசி அப்படிச் செய்துகொடுத்தேன். மகிழ்ச்சியோடு போனவர், கருகருவென்று முடி வளர்ந்து, முகம் தொங்கித் திரும்பி வந்தார். வேண்டுதலை நிறுத்திவிட்டாயே, வீட்டுக்கு ஆகாது என்று அவர் அண்ணி நச்சரிக்கிறாராம். பழையபடி மாதாமாதமே கொடுத்துவிடச் சொன்னார். மருந்து ஏதாவது செய்கிறதா, மயக்கம், வாந்தி உண்டா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். தலையைத் தடவிக்கொண்டார். "மருந்து ஒத்துக்குது மேடம். கத்திதான் ஒத்துக்கல."

குறையாத டப்பா

இப்போது செல்வி. நகரியில் விசைத்தறிக்கு நூல் சுற்றும் பெண். கல்யாணமானவள், வீட்டில் மாமியாரும் உண்டு. கணவரையும் பரிசோதனைக்கு அழைத்து வா என்று சொல்லும்போதெல்லாம் "லாரியில வெளியூர் போயிருக்காரு மேடம்" என்பாள். இவளுடைய சாக்கு மொட்டை அல்ல, லட்டு. மலைக்குப் போய்வர நேரமில்லாததால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மிட்டாய்க் கடையில் பூந்தி லட்டு வாங்குவாள். எங்கள் மையத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து அதை உதிர்த்து, பொட்டலத்திலிருந்து பச்சைக் கற்பூரத்தை எடுத்துப் பிசைந்து, மறுபடி பெரிதாக உருட்டுவாள். மலை லட்டு வாசனை வர வேண்டுமே. கை தாராளம். எனக்கு ஒருமுறை ஒன்று கொடுத்தாள். சாயங்காலம் வரை நாக்கு சில்லென்று இருந்தது. பையின் அடியில் மாத்திரை டப்பா, அதற்கு மேலே லட்டுகள். இப்படித்தான் அவள் பஸ் ஏறுவாள்.

தறியில் வேலை நெருக்கினால் செல்வி தேதிக்கு வர மாட்டாள். ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் தள்ளித்தான் வருவாள். தள்ளி வந்தால் டப்பா காலியாக இருக்க வேண்டும். இவள் டப்பாவில் மாத்திரை இருந்தது. அப்படியானால் போடவில்லை என்று அர்த்தம். நானும் திட்டத் தயாரானேன். ரத்தப் பரிசோதனை வந்தது, கிருமி சுத்தமாக அடங்கியிருந்தது. அப்படியானால் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். போட்டும் இருக்கிறாள், மீதியும் இருக்கிறது. அடுத்த முறை நாங்கள் கொடுத்ததைவிட அதிகமாகவே டப்பாவில் இருந்தது. ரமணா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, இது அட்சய பாத்திரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "ஒரு நாள்கூட வுடல மேடம். எடுக்க எடுக்கக் கொறையல. அதுக்கு நான் இன்னா பண்றது?"

எலி

அதே மாதங்களில் சித்தூர் மையத்தில் எனக்கு நேர்மாறான ஒரு தலைவலி. பெயர் முருகேசன். அவரும் நகரிதான், தறி ஓட்டுகிறவர். தறிக்கு உதிரி சாமான் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கார்வேட்டிநகரம் வழியாகச் சித்தூர் வந்து மருந்து வாங்குவார். இவர் தேதிக்கு முன்பே வந்து நிற்பார், டப்பா காலி. தீர்ந்துபோகிற அளவுக்குப் போட்டுக்கொண்டால் கிருமி அடங்க வேண்டும். இவர் ரத்தத்திலோ கிருமி ஏறிக்கொண்டே போகிறது. எடை இறங்குகிறது, இருமல் வேறு. மனைவியை அழைத்து வரச் சொன்னால், அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு வெளிப்படையாகச் சொன்னார்: "இந்த ஆள் மாத்திரை போடவில்லை. இப்படியே போனால் டிபியில் படுத்துவிடுவார். படுத்தபின் தூக்கி நிறுத்துவது கஷ்டம்." எனக்குப் பயமாகிவிட்டது. மாத்திரை எங்கே போகிறது என்று முருகேசனை உலுக்கி எடுத்தேன். முதல் தடவை பஸ்ஸில் விட்டுவிட்டதாகச் சொன்னார். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததாம். மூன்றாம் தடவை எலி தின்றுவிட்டதாம். எச்.ஐ.வி. மாத்திரையைத் தின்று எந்த எலி உயிரோடு இருக்கும் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. இருமி முடித்துவிட்டு, என்னவோ என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: "அதுக்கும் எதுனா நோவு இருக்கும் மேடம். பாவம், துன்னுட்டுப் போவட்டும்."

சில்லென்ற நாக்கு

அடுத்த முறையும் காலி டப்பாதான். என் கோபத்தைத் தணிக்க முருகேசன் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். திருப்பதி லட்டு, பிரசாதம், எடுத்துக்குங்க மேடம் என்றார். பிரசாதத்தை மறுக்க முடியாதே. ஒரு விள்ளல் வாயில் போட்டேன். நாக்கு சில்லென்று ஆகிவிட்டது.

உலகத்தில் இவ்வளவு கற்பூரம் போடுகிற கை ஒன்றுதான். லாரியில் வெளியூர் போன புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அம்மா வீட்டுக்குப் போன மனைவி முந்தாநாள்தான் திருப்பதியில் என்னிடம் மருந்து வாங்கிப்போனாள். இருவரும் ஒரே வீட்டில் படுத்து எழுந்து, ஆளுக்கு ஒரு திசையில் பஸ் ஏறி, ஒரே மாத்திரையை ஒளித்து ஒளித்து வாங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான். வாயைத் திறக்கவும் கூடாது, வாயில் லட்டு வேறு. யார் வாங்கி வந்தது என்று மட்டும் கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரி. மாசா மாசம் மலைக்குப் போறேன்னு போறா" என்றார் முருகேசன். அப்புறம் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். "அது மலை லட்டு இல்ல மேடம். எனக்கு மொத நாளே தெரியும். மலைக்குப் போவாம எங்க போறான்னு மனசு கெட்டுப்போயி ஒரு நாளு அவ பையைக் கொட்டிப் பாத்தேன். அடியில டப்பா. எங்கிட்ட இருக்குதே, அதே டப்பா." என்னாலதான் வந்திருக்கும் மேடம் அவளுக்கு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். தறிவேலையில் தேதிக்குப் போக முடியாமல் அவள் டப்பா காலியாகிக் கிடந்ததை ஒரு வாரம் பார்த்தாராம். தன் டப்பாவிலிருந்து அள்ளி அதில் போட்டாராம். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. அவள் டப்பா லேசாகத் தெரிந்தால் பயம், அள்ளிப் போட்டுவிடுவது. தன்னுடையது தீர்ந்தால் சும்மா இருப்பது. எலி யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இப்படி உயிரை விடுவதற்கு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். கேட்டது கெஞ்சலாகத்தான் வந்தது. "சொல்லிடலாம் மேடம். அது இன்னா டப்பான்னு உனக்கு எப்புடித் தெரியும்னு கேட்டான்னா, நான் இன்னா சொல்றது?"

செல்வியின் கேள்வி

முருகேசன் சொல்லச் சம்மதிக்கவில்லை. அவர் சம்மதிக்காமல் நான் சொல்லக் கூடாது. மனுஷன் இளைத்துக்கொண்டே போகிறார், மாத்திரை அவர் வீட்டிலேயே மனைவியின் டப்பாவில் மிஞ்சிக் கிடக்கிறது, தெரிந்த ஒரே ஆள் நான். சோறு இறங்கவில்லை. செல்வி அடுத்த முறை வந்தபோது என்னென்னவோ சுற்றி வளைத்தேன். டப்பாவைப் பூட்டி வையேன், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, இருமல் யாருக்காவது உண்டா என்றெல்லாம் உளறினேன். ரமணா என்னை ஒருமாதிரி பார்த்தார்.

செல்வி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். தானாக எதுவும் குறையாமல் இருக்காது என்று தனக்கும் தெரியும் என்றாள். டப்பாவைப் பரண்மேல்தான் ஒளித்து வைக்கிறாளாம், மாமியாருக்கு அங்கே கை எட்டாதாம். வீட்டில் எட்டுகிற கை இன்னும் ஒன்றுதான். அந்தக் கையின் மணிக்கட்டு எலும்பாகிக்கொண்டு வருவதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கடையில் விற்காத இந்த மாத்திரை அவருக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியும் என்பது என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். அதை நீ அவரையே கேளேன் என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு அனுமதியில்லை. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கேட்டுடலாம் மேடம். கேட்டு, அவரு சொல்லிட்டாருன்னா?"

கணக்கு

அதற்கப்புறம் சித்தூரில் முருகேசன் வரவேண்டிய நாளில் வரவில்லை. திருப்பதியில் செல்வியும் வரவில்லை. என் உளறல் குடும்பத்தை உடைத்துவிட்டதா, ஆள் படுத்துவிட்டாரா என்று ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எட்டிப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை, பளபளவென்ற மொட்டைத் தலையோடு முருகேசன் திருப்பதி மையத்தில் வந்து நின்றார். பின்னால் செல்வி. நிஜமாகவே மலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். எனக்கு மலை லட்டு கொடுத்த செல்வி, "இதுல கற்பூரமே சரியா போடல மேடம்" என்று குறைப்பட்டாள்.

என்ன நடந்தது, யார் கேட்டது, யார் சொன்னது என்று பறந்தேன். யாரும் கேட்கவில்லையாம், யாரும் சொல்லவில்லையாம். "சோறு துன்னுட்டுக் கை கழுவிக்கினு வந்தாரு" என்றாள் செல்வி. "லட்டு குடுத்தேன். அது மேல ஒரு மாத்திரை வச்சேன். பாத்தாரு. தண்ணி கேட்டாரு. நானும் ஒண்ணு போட்டுக்கினேன்." அப்புறம் இருவரும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். முருகேசன் மட்டும் கொஞ்சம் அழுதாராம். மிஞ்சிக் கிடந்த மாத்திரையை இருவரும் சேர்ந்து தீர்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அதனால்தான் தேதிக்கு வரவில்லை.

இருவரையும் திருப்பதியிலேயே பதிந்துகொண்டோம். சில மாதம் கழித்து முருகேசனின் பரிசோதனை வந்தது. கிருமி அடங்க ஆரம்பித்திருந்தது, இருமலும் நின்றுவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜலதோஷம் என்று ரமணாவிடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன். பிறகு மரியாதையாக வேலையைப் பார்ப்போம் என்று, எண்ணுவதற்கு ஆளுக்கொரு டப்பாவை எடுத்து மேஜையில் வைக்கச் சொன்னேன். செல்வி பையின் அடியிலிருந்து ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தாள். உள்ளே மாத்திரை குவியலாகக் கிடந்தது. இதில் உன்னுடையது எது, அவருடையது எது, நான் யாருக்கு எவ்வளவு என்று எழுதுவது என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொன்னது முருகேசன். "யாருது எவ்ளோன்னு எங்களுக்குத் தெரியாது மேடம். ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து போட்டுக்கினு இருக்கறோம், அவ்ளோதான்."

ஆக, இந்த உத்தியோகத்தில் இத்தனை காலம் எண்ணி எண்ணி நான் கண்டது, கணக்கு பைசல் ஆகாத வீட்டில்தான் மருந்து ஒழுங்காக உள்ளே போகிறது என்பதே.